ரூக்கி குவாட்டர்பேக் தேறுவாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசன் தொடங்கி நான்கு வாரம் ஆனால் போதும், ரூக்கி குவாட்டர்பேக், அதாவது முதல் ஆண்டு ஆடும் பந்து வீசும் தளபதி, பற்றி இந்தக் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் அணியின் புது குவாட்டர்பேக் முதல் ஆட்டத்திலேயே சொதப்பிவிட்டார். எத்தனை ஆட்டம் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வரலாம்?

பதில்: முதல் ஆட்டத்தை நம்பி நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். 2015 செப்டம்பர், டாம்பா. அந்த ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதலாவதாகப் போன ஜேமிஸ் வின்ஸ்டனும், அடுத்ததாகப் போன மார்க்கஸ் மரியோட்டாவும் அறிமுக ஆட்டத்திலேயே எதிரெதிரே நின்றார்கள். வின்ஸ்டன் வீசிய முதல் பாஸே எதிரணிக்காரர் கையில் சிக்கி (இதுதான் இன்டர்செப்ஷன்) டச் டவுன் (எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) ஆனது. மரியோட்டா 16 பாஸில் 13 சேர்த்து, நான்கு டச் டவுன் எடுத்தார். பாஸர் ரேட்டிங் (பாஸ் வீசுவதற்குப் போடும் மதிப்பெண்) 158.3. அதற்கு மேல் போகவே முடியாது. இனி பத்து வருடத்துக்கு இவர்தான் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். 2019-இல் அவர் டென்னஸி அணியில் தன் இடத்தை ரயன் டேனஹிலிடம் பறிகொடுத்தார். வின்ஸ்டன் அதே ஆண்டு 33 டச் டவுனும் 30 இன்டர்செப்ஷனும் போட்டார். டாம்பா அவரை விட்டுவிட்டு டாம் பிரேடியைக் கூட்டிவந்தது. அந்த முதல் பாஸ் ஏதோ சொல்லத்தான் பார்த்திருக்கிறது, என் காதில்தான் விழவில்லை.

இப்போதெல்லாம் நான்கு ஆட்டம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. அதற்குள் இவருக்கு எது பிடிக்காது என்று எதிரணி கோச்கள் வீடியோவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் வாராவாரம் அதையேதான் திருப்பித் திருப்பிக் கொடுப்பார்கள். ஐந்தாவது முதல் எட்டாவது ஆட்டம்வரை அதற்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்குக் கணக்கு. 2024-இல் டென்வரின் போ நிக்ஸ் முதல் ஆட்டத்தில் 42 பாஸ் வீசி வெறும் 138 யார்டு எடுத்தார், இரண்டு இன்டர்செப்ஷன் வேறு. சீசன் முடிவில் 29 டச் டவுன் பாஸ். 2015 சீசனுக்குப் பிறகு அந்த அணி பிளேஆஃப் பார்த்தது அப்போதுதான்.

கேள்வி: பாஸர் ரேட்டிங்கை நம்பலாமா?

பதில்: ஓரளவு. அதில் நான்கே சமாச்சாரம்: எத்தனை பாஸ் சேர்ந்தது, ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு, டச் டவுன் விகிதம், இன்டர்செப்ஷன் விகிதம். சாக் (பந்தை வீசுமுன் குவாட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவது) கிடையாது, பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது கிடையாது, எந்த நேரத்தில் வீசினார் என்பதும் கிடையாது. டவுன் என்பது பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று. மூன்றாவது டவுனில் 9 யார்டு வேண்டும். நம் ஆள் பயந்துபோய் 5 யார்டில் நிற்பவரிடம் தட்டிவிடுகிறார். பந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அடுத்து பண்ட் அடிக்கத்தான் (பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுக்கத்தான்) ஆள் வருகிறார். அந்த ஒரு பாஸுக்கு மட்டும் ரேட்டிங் போட்டால் 87.5! இன்னொரு வேடிக்கை: ஆட்டம் முழுக்க ஒரு பாஸ்கூடச் சேராமல், இன்டர்செப்ஷனும் கொடுக்காமல் இருந்தாலே 39.6 கிடைத்துவிடும். டெர்ரி பிராட்ஷா 1970-இல் ரூக்கியாக எடுத்தது 30.4. பின்னாளில் பிட்ஸ்பர்க்குக்கு நான்கு சூப்பர் பவுல் (லீக் இறுதிப்போட்டி) பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

கேள்வி: காலெப் வில்லியம்ஸ் முதல் ஆண்டில் 68 முறை சாக் ஆனார். முன்னால் நின்று காக்கும் லைன்மேன்கள் சரியில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

பதில்: சாக் விழுந்ததும் லைன்மேன் தலையில் போட்டுவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பாதி நேரம் பழி குவாட்டர்பேக் மேல்தான் விழவேண்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து சுமார் இரண்டரை வினாடி. அதற்குள் வீசவேண்டும், இல்லை கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்குப் போகவேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஓடிச் சுற்றி ஏதாவது வித்தை காட்டித் தப்பித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் லேசில் போகாது. வில்லியம்ஸ் பல சாக்-களைத் தானாகவே தேடிக்கொண்டார் என்பதுதான் என் கருத்து. சிகாகோ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் 20 டச் டவுனுக்கு ஆறே ஆறு இன்டர்செப்ஷன்தான் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த சீசன் நடுவிலேயே தாக்குதல் கோச்சும், பிறகு தலைமை கோச்சும் வேலை இழந்தார்கள். ஒரு சின்னப் பையனுக்கு ஒரே வருடத்தில் இத்தனை குழப்பம். அடுத்த ஆண்டு பென் ஜான்சன் தலைமை கோச்சாக வந்தார், சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

கேள்வி: பெய்டன் மேனிங்கே முதல் ஆண்டில் 28 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அப்படியென்றால் எங்கள் ஆளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?

பதில்: இந்த மேனிங் கதை வருடாவருடம் வந்துவிடுகிறது. 28 கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை. அணிகள் அத்தனை நாள் அவர்களை விட்டுவைப்பதும் இல்லை.

1998-இல் மேனிங்கின் மற்ற எண்களையும் பாருங்கள். 16 ஆட்டமும் ஆடினார், 3,739 யார்டு, 26 டச் டவுன். 575 பாஸ் வீசியவர் சாக் ஆனது 22 முறைதான். அதாவது எதிரே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, பந்து நேரத்துக்குக் கையை விட்டுப் போனது, சில சமயம் தப்பான இடத்துக்குப் போனது. அந்தத் தப்பைத் திருத்தலாம். அவருடைய இண்டியனாபொலிஸ் அணி 3 வெற்றி, 13 தோல்வி என்றிருந்தது, மறு ஆண்டே 13-3.

உங்கள் ஆளின் இன்டர்செப்ஷன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ரிசீவர் (பாஸைப் பிடிக்க ஓடுபவர்) கையில் பட்டுத் தெறித்தது, அரைநேரம் முடியும்போது சும்மா தூக்கி அடித்தது, இதையெல்லாம் தள்ளிவிடுங்கள். மைதானத்தின் நடுவில் தாமதமாக வீசி மாட்டிக்கொண்டது மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்படலாம்.

கேள்வி: நான் டிவியில்தான் பார்க்கிறேன். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லா பாஸையும் பார்க்காதீர்கள். மூன்றாவது டவுன், ஆறு யார்டுக்கு மேல் வேண்டும் என்கிற இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டுதான் வரும். பந்து நகர்வதற்கு முன் படத்தை நிறுத்தி, யார் பாய்ந்து வரப்போகிறார்கள் என்று நீங்களே ஊகியுங்கள். அப்புறம் ஓடவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பந்தை விட்டுவிடுங்கள், குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டைப் பாருங்கள். இரண்டு என்பதற்குள் அது முதல் ரிசீவரிடமிருந்து அடுத்தவரிடம் திரும்புகிறதா? கூடவே பாதமும் திரும்புகிறதா? முகம் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் என்றால் பாஸ் எங்காவது சரியும். அதைவிட மோசம், பார்வை ரிசீவர்களை விட்டுவிட்டுத் தன்மேல் பாய்ந்து வருபவர்களிடம் இறங்கிவிடுவது.

2024 செப்டம்பரில் சின்சினாட்டியில் வாஷிங்டனின் ஜேடன் டேனியல்ஸ் ஆடிய மூன்றாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். 23 பாஸில் 21 சேர்ந்தது என்று ஊரே பேசியது. எனக்கு அதில் ஒரே ஒரு பாஸ் போதும். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம், மூன்றாவது டவுன், ஏழு யார்டு தேவை. சின்சினாட்டி ப்ளிட்ஸ் (குவாட்டர்பேக் மேல் வழக்கத்தைவிட அதிகம் பேரைப் பாயவிடுவது) அனுப்புகிறது. டேனியல்ஸ் ஓடவும் இல்லை, குனியவும் இல்லை. பின்காலில் சாய்ந்தபடி டெர்ரி மெக்லாரினுக்கு 27 யார்டு தூக்கிப்போட்டார். டச் டவுன். வாஷிங்டன் 38-33 என்று ஜெயித்தது.

கேள்வி: முதல் ஆண்டில் அசத்திய சி.ஜே. ஸ்ட்ரவுட் இரண்டாம் ஆண்டில் ஏன் சறுக்கினார்?

பதில்: 2023-இல் 23 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன். டாம்பாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 470 யார்டு, ரூக்கிகளில் யாரும் எடுக்காதது. அதே ஆட்டத்தில் 46 வினாடிதான் மிச்சமிருந்தபோது 75 யார்டு கடந்து ஜெயிக்கவும் வைத்தார். 2024-இல் 20, 12 என்று ஆனது, 52 சாக் வேறு. லைன் ஆட்டம் கண்டது. எதிரணிகளுக்கும் பாடம் செய்ய ஒரு முழுக் கோடைக்காலம் கிடைத்தது. ஆளே மோசம் என்று நான் எழுதமாட்டேன்.

கேள்வி: ரூக்கியை ஒரு வருடம் உட்காரவைப்பது நல்லதா?

பதில்: உட்கார்ந்த பேட்ரிக் மஹோம்ஸும் (கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக்) தேறினார், உடனே இறங்கிய மேனிங்கும் தேறினார். உடைந்த லைனுக்குப் பின்னால் நிறுத்துவதற்கு உட்காரவைப்பதே மேல், அவ்வளவுதான்.

கேள்வி: ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டங்களை நம்பலாமா?

பதில்: எதிரணி தன் சரக்கை ஒளித்துவைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளப் பார்க்கலாம்.

கேள்வி: சிகாகோவுக்கு எதிராக டேனியல்ஸ் கடைசி நொடியில் வீசிய 52 யார்டு பாஸை எப்படி மதிப்பிடுவீர்கள்?

பதில்: அங்குமிங்கும் ஓடி, கூட்டத்துக்குள் தூக்கி எறிந்தது, ஒருவர் கையில் பட்டு எகிறி நோவா பிரவுனிடம் வந்து விழுந்தது. 18-15. கணக்கில் அவருக்கு முழு டச் டவுன். என் நோட்டில் அந்த பாஸை எழுதவே இல்லை. ஆனால் அன்று மட்டும் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன்.