விசுவாசமா, நம்பிக்கையா: ஒரு சனிக்கிழமை இரவுக் கேள்வி பதில்

பினாங்கில் 30 வருடமாகக் கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். குருவானவர் இல்லை, உபதேசியார்தான். லுத்தரன், மெதடிஸ்ட் சபைக்காரர்களும் கேள்வி அனுப்பியிருப்பதில் மகிழ்ச்சி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் சகோதரி: அங்கிள், 2 வருடமாகச் செபத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் கண்ணீர் வரும். என் விசுவாசம் செத்துவிட்டதா?

சாகவில்லைம்மா. 1577 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவியான புனித சிலுவை யோவானை அவருடைய சபைத் துறவிகளே பிடித்துப் போய், தொலேதோ நகரில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய 9 மாதம். அந்த அறையில்தான் அவர் கவிதை கட்டினார். ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி அவர் பின்னால் எழுதியபோது, அதை அடையாளம் காண 3 குறிகள் சொன்னார். கடவுள் காரியங்களில் சுவை இருக்காது, உலகக் காரியங்களிலும் இருக்காது. 'நான் கடவுளை விட்டுப் பின்வாங்குகிறேனோ' என்ற கவலை அரித்துக்கொண்டே இருக்கும். முன்புபோல் தியானிக்க முயன்றாலும் முடியாது. இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். அக்கறை போனவர்களுக்கு அந்தக் கவலை வராது. உங்களுக்கு 2 வருடமாக வருகிறது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான், பல பத்து வருடங்கள் அவர் இதே வறட்சியில் இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அவர் விடியற்காலையில் எழுந்து செபித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இருட்டில் முடிவெடுக்காதீர்கள். மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி. செபத்தைக் குறைக்கத் தோன்றினால் கொஞ்சம் கூடவே இரு என்றும் சொல்கிறார். 20 நிமிடம் என்று வைத்திருந்தால் 21 நிமிடம் உட்காருங்கள். அப்புறம், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் டாக்டரையும் பாருங்கள். இந்த வறட்சியோடு மனச்சோர்வு நோயும் கலந்து வரலாம் என்று யோவானே எழுதியிருக்கிறார்.

ஜெலுத்தோங்: பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னென்ன பத்திரம் வேண்டும்?

உங்கள் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்.

பிறை: மாமியார் இந்து. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வர ஆசைப்படுகிறார். கூட்டி வரலாமா?

தாராளமாக. ஜூலை 26 திருவிழாவை ஒட்டி எல்லாச் சமயத்தாரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் அது. திருப்பலியில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை மட்டும் வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வரிசையில் போய்ச் சங்கடப்பட்டு நிற்க வைக்காதீர்கள்.

செந்தூல்: ஜெபக்குழுவில் ஒருவர், 'இன்சுலின் போடுவது அவிசுவாசம்' என்கிறார். அம்மா 3 நாளாக ஊசி போடவில்லை.

இதைப் படித்த உடனே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சை ரசம் குடிக்கச் சொன்னார். உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

சுங்கை பட்டாணி: ஆராதனையில் எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏன்?

பட்டர்வொர்த் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள். உணர்ச்சியை அளவுகோலாக வைக்காதீர்கள்.

கெலுகோர்: மகன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறான். கடவுளை நிரூபித்துக் காட்டு என்கிறான்.

அவனுக்குப் பாஸ்கலைப் பற்றிச் சொல்லுங்கள். பெரிய கணித மேதை. 1654 நவம்பர் 23 இரவு, ஏறக்குறைய பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, அவருக்குள் ஏதோ நடந்தது. 'ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள். தத்துவ ஞானிகளின் கடவுள் அல்ல' என்று குறித்து, அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. அதற்காக அவர் யோசிப்பதை நிறுத்திவிடவில்லை. மகன் கேட்கட்டும், தடுக்காதீர்கள்.

காஜாங் தம்பி: ஐயா, நீங்கள் ஏன் 'விசுவாசம்' என்றே எழுதுகிறீர்கள்? அது வடசொல். நம் திருவிவிலியத்தில் 'நம்பிக்கை' தானே?

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன் அண்ணன்: எங்கள் வேதாகமத்தில் நம்பிக்கை வேறு, விசுவாசம் வேறு. இரண்டையும் கலக்காதே தம்பி.

இரண்டு பேரும் அவரவர் புத்தகத்தின்படி சொல்வது சரிதான். 1 கொரிந்தியர் 13:13-ஐ எடுங்கள். அண்ணன் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. தம்பியும் நானும் வாசிக்கிற, 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒன்றில் இரண்டாவதாக நிற்கிற சொல் இன்னொன்றில் முதலாவதாக நிற்கிறது. கலப்பு செபக்கூட்டத்தில் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்றால் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் வேறொன்றையும் கேட்கிறார்கள்.

காஜாங் தம்பி: அப்படியானால் தமிழ்ச் சொல்லைத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்?

'எதிர்நோக்கு' அருமையான சொல், அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் விசுவாசத்தை விட எனக்கு மனம் வரவில்லை. 'பத்து வருடம் விசுவாசமாக வேலை பார்த்தான்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் என்ன அர்த்தம்? விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். நம்பிக்கை என்ற சொல்லில் அந்த ஒட்டுதல் எனக்குக் கேட்கவில்லை.

என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடக்கும்போது, நாங்கள் விசுவசிப்பதை அறிக்கையிடும் விசுவாச மந்திரம் சொல்வார். 'விசுவசிக்கிறேன்' என்ற இடத்தில் கத்தி பட்டையில் இறங்கும். 4 வயது மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்த மறுவாரமும் அப்படியே சொன்னாராம். 'எப்படிப் பாட்டி முடிந்தது?' என்று கேட்டிருக்கிறேன். 'மனசு ஒண்ணும் சொல்லலைய்யா. வாய்தான் சொல்லுச்சு. சொன்ன வார்த்தை சொன்னதுதானே' என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

காஜாங் தம்பி: பாட்டிக்கு வணக்கம். சொல் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை ஐயா.

சரி தம்பி, உன் சொல்லிலேயே செபி.

பாயான் லெப்பாஸ்: செபிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை...

இதே கேள்வி மூன்றாவது முறை. மேலே படியுங்கள். இருட்டில் முடிவெடுக்காதீர்கள்.

பட்டர்வொர்த் சகோதரி: அங்கிள், இன்றிரவு எந்தச் செபம் சொல்லட்டும்?

சங்கீதம் 88. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பும், இது திரும்பாது. இருட்டிலேயே முடிகிறது. அப்படியே வாய்விட்டு வாசியுங்கள், கடைசியில் நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். முடித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுங்கள்.