ஒன்றரை லட்சத்துக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா?

கேள்வி: கிராமத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை நான். இரண்டு ஆசிரியர்கள், 41 பிள்ளைகள். பழைய மாணவர்கள் ஒன்றரை லட்சம் தருகிறோம் என்கிறார்கள். அது தெரிந்ததிலிருந்து ஸ்மார்ட் போர்டு விற்பவர் விடாமல் வருகிறார். பிள்ளைகளின் படைப்பாற்றல் வளரும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். அது தொட்டு இயக்கும் பெரிய திரை; அதில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பேர்தான் கைவைக்க முடியும். மிச்சப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குக் கரும்பலகையே போதுமே.

அதற்குப் பதில் தலா பத்துப் பன்னிரண்டாயிரம் விலையில் ஐந்து டேப்லட், கனமான உறைகள், ஒரு நல்ல ஸ்பீக்கர், பூட்டு போட்ட அலமாரி வாங்குங்கள். கிட்டத்தட்ட பாதிப் பணம் மிஞ்சும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் போதும். 2014-இல் வந்த இலவசச் செயலி. ஐந்து முதல் ஏழு வயதுக்கென்றே செய்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, எல்லாம் படக் கட்டைகள்; திரையில் அவற்றை வரிசையாகக் கோத்தால் உருவம் அசையும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். பிள்ளை தான் வரைந்த ஆட்டுக்குட்டியை நடக்க வைக்கலாம், தன் குரலைப் பதிந்து பேச வைக்கலாம். ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான் தரும். நல்லதாயிற்று, எதை விடுவது, எதை வைப்பது என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள்.

பெரிய பிள்ளைகள் களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்து அசைபடம் செய்யட்டும். நொடிக்கு 10 படம் என்றால் அரை நிமிடத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். அன்றைய பெருக்கல் பாடம் முடிந்தது. வாசிக்கக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இனி அந்த விற்பனையாளர். அவர் சொல்லும் விலை நுழைவுச்சீட்டு மட்டும்தான். 'கன்டென்ட்', அதாவது பலகையில் ஓடும் பாடக் காணொளிகள், முதல் வருடம் இலவசம் என்பார். இரண்டாம் வருடம் சந்தா கட்டாவிட்டால் பலகை வெறும் டிவி. அந்தக் கன்டென்டும் பெரும்பாலும் பாடநூல் வரிகளைப் பின்னணி இசையோடு படிப்பதுதான். பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளிகள் காசில்லாமலே வருகின்றன. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்றால் ஆணை எண்ணும் தேதியும் எழுத்தில் கேளுங்கள். டச் போனால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து, வாரண்டி டச்சுக்கும் உண்டா, பேனலுக்கு மட்டுமா? இதையும் எழுத்தில். 'பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம் மேடம்' என்று ஒருவர் வாய் திறந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தணிக்கையில் மாட்டப்போவது அவரல்ல, நீங்கள்.

'லாகின்' உருவாக்கப் பெற்றோரின் போன் எண்களைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தைதான்; அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கட்டும். அந்தப் பட்டியல் ஏதாவது டியூஷன் கம்பெனிக்குப் போனால் திட்டு வாங்குவது நீங்கள்தான்.

பயிற்சி தருவார்களா என்று துறையிடம் கேட்க நினைக்கலாம். ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு அரசின் காலை உணவுத் திட்டமே 2024 ஜூலையில்தான் வந்தது; பயிற்சி எப்போது வருமோ. டிஜிட்டல் கல்வி என்றாலே இங்கே ஆசிரியர் போனில் வருகைப்பதிவு ஏற்றுவதும் குரூப்பில் போட்டோ போடுவதும்தான். காத்திருக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. கண்ணாடி போட்டும் கரும்பலகை தெரியாத பிள்ளை உங்களிடம் இருந்தால் பெரிய திரை உதவக்கூடும். உதவாமலும் போகலாம். சிலருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் போதும். சிலருக்குப் பார்வையின் பரப்பே குறுகியிருக்கும். அவர்களுக்குப் பெரிதாக்கினால் ஒரு சொல்லில் பாதிதான் கண்ணில் படும். சிலருக்கு வெளிச்சம் கூசும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டும். ஆகவே முதலில் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் அந்தப் பிள்ளையைக் காட்டுங்கள். முகத்தருகே பிடித்துக்கொள்ளும் டேப்லட்டே பல பிள்ளைகளுக்குத் தோதாக இருக்கும். எழுத்தைப் பெருக்கும் வசதியும் வாசித்துக்காட்டும் வசதியும் ஆண்ட்ராய்டிலேயே உண்டு. அதற்கென்று தனி மென்பொருள் விற்க வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பழைய மாணவர்களிடம் முழுப் பணத்தையும் இப்போதே வாங்க வேண்டாம். மிச்சத்தை அடுத்த ஜூனில் கேளுங்கள். அதற்குள் ஒரு டேப்லட்டாவது கீழே விழுந்திருக்கும்.