அம்மாவுக்குக் கைத்தடியா, வோக்கரா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு வயது 78. வலது முழங்காலில் தேய்மானம். சென்ற மாதம் மலசலகூடத்தில் வழுக்கி விழுந்தார், எலும்பு முறியவில்லை. இப்போது சுவரைப் பிடித்தே நடக்கிறார். கனடாவிலிருக்கும் அண்ணா, இருக்கையோடு நான்கு சில்லுள்ள வோக்கர் அனுப்பப் போகிறாராம். அது பொருந்துமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். ஓரளவு நிதானமாக நடக்கக்கூடிய, ஆனால் சிறிது தூரத்திலேயே களைத்துவிடுகிறவர்களுக்கு உரியது அது. உடலைச் சாய்த்தால் முன்னே ஓடிவிடும். பிரேக்கைப் பிடிக்கக் கையில் பலமும் வேண்டும், நினைவும் வேண்டும். கல்லடி முற்றத்து மணலில் சில்லும் புதையும்.

அம்மா சுவரை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். விரலால் தொட்டபடி நடந்தால் கைத்தடி போதலாம். அதை இடது கையில் பிடிக்க வேண்டும். நோகும் வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நோகும் பக்கத்திலேயே தடியை ஊன்றுவதுதான் பலரது வழக்கம். முழங்காலின் பாரம் அதனால் சரியாகக் குறையாது. உள்ளங்கையைப் பதித்து உடலையே சாய்க்கிறார் என்றால் சில்லில்லாத வோக்கரே பாதுகாப்பு. தூக்கி வைக்கக் களைப்பாக இருந்தால், முன்கால் இரண்டில் மட்டும் சில்லுள்ளதைப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் உயரம் சரியாக இருக்க வேண்டும். வழக்கமான செருப்புடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்று மடியும்.

இல்லங்களில் எனக்குப் பெரிய கவலை தருவது இரவல்தான். அடுத்த கட்டில்காரரின் தடியை எடுத்து நடப்பது, இறந்தவரின் வோக்கரை உயரம் மாற்றாமலே இன்னொருவருக்குக் கொடுப்பது. நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அது விழுத்திவிடும். அம்மாவினுடையதில் பெயர் எழுதிவையுங்கள், இரவில் கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கதிரையிலிருந்து எழும்போது வோக்கரை இழுத்து எழக்கூடாது. கதிரையின் கைகளை அழுத்தி எழுந்த பிறகே அதைப் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். மாரி மழையில் ஈரமாகும் விறாந்தையில் தேய்ந்த மூடி வழுக்கும்.

மலசலகூடச் சுவரில் கைப்பிடி பொருத்த இல்லத்தாரிடம் கேளுங்கள். அண்ணா அனுப்பும் பணம் முதலில் அதற்குப் போகட்டும்.

வாங்குவதற்கு முன் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் அம்மாவை நடக்கவைத்துப் பார்க்கட்டும். எழும்போது தலைசுற்றுகிறதா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். சுற்றினால், பிரஷர் மாத்திரை உட்பட அவர் எடுக்கும் எல்லா மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.