பூஜை அலமாரியில் ஒரு பறவை

கேள்வி: அன்புள்ள ஐயா, நாங்கள் பர்மாவில் மோல்மேனில் இருக்கிறோம். போன வருஷம் எங்கள் அப்பாயி காலமானார். அவருடைய பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பறவை இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாத்துப் போன்ற அலகு, முதுகுக்கு மேலே பிடி, அடியில் எட்டுப்பட்டைப் பீடம். பீடத்தின் ஒரு பக்கம் பூ மாதிரி ஒரு குறி. வெள்ளிக்கிழமைதோறும் அப்பாயி அதற்குக் குங்குமம் வைப்பார். என்னவென்று கேட்டால், “அது எங்க ஆத்தாளோடது” என்பதோடு சரி. நகைக்கடைத் தராசில் வைத்தோம், 322 கிராம். பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இது அபின் நிறுக்கிற கல், வெளிநாட்டுக்காரர்கள் நல்ல விலை தருவார்கள்” என்றார். அன்றிலிருந்து அப்பா முகம் வாடிக் கிடக்கிறார். அப்பாயி குடும்பத்துக்குச் சந்தையில் கருவாட்டுக் கடைதான் இருந்தது. இது உண்மையில் என்ன? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பறவையை வைத்து உங்கள் குடும்பத்தை அபினோடு முடிச்சுப் போட ஒரு நியாயமும் இல்லை.

அது எடைக்கல்தான். அந்த மட்டும் வந்தவர் சொன்னது சரி. பர்மிய அரசர்கள் காலத்தில் சந்தையில் புழங்கிய எடைக்கற்களை இப்படித்தான் பறவையாகவும் சிங்கமாகவும் வார்த்தார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிற வார்ப்பு. அதனால் உங்களிடம் இருப்பது பித்தளையாக இருப்பதைவிட வெண்கலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பறவை ஹிந்தா, நம் அன்னத்தின் இனம். உங்கள் மோன் மாநிலக் கொடியில் பறப்பதும் அதுதான், தினமும் பார்த்திருப்பீர்கள்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய 322 கிராமை வைத்துத்தான். உருவத்தைப் பார்த்து ஆயிரம் சொல்லலாம், எடை ஒரே பதில்தான் சொல்லும். பர்மா வீசை 100 கியாட். ஒரு கியாட் எடை ஏறக்குறைய 16.33 கிராம், ஆக வீசைக்கு 1.633 கிலோ. இருபது கியாட் என்றால் 326 கிராமும் சில்லறையும். உங்களுடையதில் நாலு கிராம் சொச்சம் குறைகிறது. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டும் தட்டில் உரசியும் தேய்ந்த கல்லுக்கு அது நியாயமான குறைவு. நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால் ஒட்டாது. சென்னை வீசை நாற்பது பலம், 1.4 கிலோதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு 280 கிராம். ஆகவே இந்தக் கல் தமிழ்நாட்டிலிருந்து மூட்டையில் வந்ததல்ல, இந்த மண்ணில் பிறந்தது.

இருபது கியாட் என்பது சந்தைக்காரருக்கு மிகவும் உதவுகிற அளவு. என் தகப்பனாருக்குப் பெகுவில் வத்தல் மண்டி. நான் பையனாக உட்கார்ந்து நிறுத்தபோது ஹிந்தாக் கல் கிடையாது, இரும்புக் கல்தான். ஆனாலும் வீட்டுச் சமையலுக்கு வாங்குகிறவர்கள் கேட்டதெல்லாம் பத்தும் இருபதும்தான். வீசைக் கல்லை மொத்த வியாபாரிதான் தூக்குவான். கருவாடு, ஙப்பி என்கிற மீன் விழுது, புளி, தேயிலை எல்லாம் அந்தக் கணக்கில்தான் போகும். மிண்டோன் மன்னர் 1865-ல் மாண்டலேயில் நாணயம் அடிக்கத் தொடங்கும்வரை மேல் பர்மாவில் வெள்ளியையே நிறுத்துத்தான் கொடுத்து வாங்கினார்கள். சாமான் ஒரு தராசில், அதற்கான வெள்ளி இன்னொரு தராசில்! அப்படிப்பட்ட நாட்டில் எடைக்கல் வைத்திருந்தவரெல்லாம் அபின்காரர் என்றால் ஊரில் யார்தான் மிஞ்சுவார்?

‘அபின் கல்’ என்பது பின்னாளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் ஒட்டிக்கொண்ட பெயர். அபினையும் யாராவது இதில் நிறுத்திருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மிளகாயையும் நிறுத்தார்கள், அதற்காக ‘மிளகாய்க் கல்’ என்று யாரும் சொல்வதில்லையே. மர்மம் சேர்த்தால் விலை ஏறும். ஒரு வியாபாரியின் விலை ஏற்றத்துக்காக ஒரு பெரியவர் செத்த பிறகு அவர் பெயரில் கறை விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பீடத்தில் உள்ள பூப்போன்ற குறி முக்கியம். அரசாங்க அளவுக்கு ஒத்த கல் என்பதற்கு இட்ட முத்திரை அந்த இடத்தில்தான் இருக்கும். 1885-ல் மாண்டலே வீழ்ந்து அரசர் ஆட்சி போனபின் இந்த வழக்கமும் நின்றுபோனது. அப்பாயியின் தாயார் காலத்துப் பொருள் என்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் புதிதாக வார்த்து, பழசுபோல் தெரியப் பச்சைக் களிம்பு ஏற்றி விற்கிறார்கள். அவற்றின் விளிம்பு பெரும்பாலும் கையைக் கீறும், எடையும் பழைய கியாட் கணக்கில் சரியாக வந்து நிற்பது அபூர்வம்.

அதனால் புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கிற பாலிஷ் எதுவும் கூடாது. முத்திரை தேய்ந்தால் சாட்சி போயிற்று. குங்குமமும் எண்ணெயும் இறுகிய இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷைத் தொட்டுத் தடவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். அப்புறம் பழைய இடத்திலேயே வையுங்கள். ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைக்கிறவர்கள் நாம். அப்பாயி அதை வெள்ளிக்கிழமைதோறும் செய்தார், அதில் தப்பு ஒன்றுமில்லை.

விற்பது உங்கள் குடும்ப முடிவு. ஒன்று மட்டும்: 2015-ல் வந்த பழம்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்டது பழம்பொருள், அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. ‘வெளிநாட்டுக்காரர்’ என்று பேசுகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்தக் கற்கள் தனியாக வருவதில்லை. நூறு, ஐம்பது, இருபது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று குடும்பமாக வரும். உங்கள் அப்பாயியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? 1964-க்கு அப்புறம் கப்பலேறித் தமிழ்நாடு போனவர்கள் அவர்களில் யாராவது உண்டா? அந்த வீடுகளுக்குப் போன் போட்டு, பேப்பர் பறக்காமல் வைக்கிற சாமான், பிள்ளைகள் விளையாடிய பொம்மை, பூஜைச் சாமான் என்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பறவை ஒன்று கிடைத்தால் நிறுக்கச் சொல்லுங்கள். 163 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் பத்து கியாட், 82-க்குப் பக்கம் என்றால் ஐந்து, 33-க்குப் பக்கம் என்றால் இரண்டு. எடை பொருந்தினால் பீடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, முத்திரை உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.