அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த கிட்

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் இருக்கிறேன், அக்கா. இரண்டு பிள்ளைகள். பாலியல் தொழிலுக்கு பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய் வருவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எச்.ஐ.வி. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் தெருப் பெண் ஒருவர் அங்கே வேலை பார்ப்பதால், ஒரு வருடமாகப் போகவில்லை. வீட்டிலேயே எச்.ஐ.வி. பார்க்கிற கிட் ஒன்றைத் தோழி கொடுத்தாள். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன். வாயில் தடவிப் பார்ப்பதை நம்பலாமா? ஆள் அனுப்புகிற அம்மாவுக்கு இது தெரிந்துவிட்டது. 'என் முன்னாடி போட்டுக் காட்டு, அப்புறம்தான் கஸ்டமர்' என்கிறார். தொற்று இருக்கிறது என்று இரண்டு கோடு வந்துவிட்டால் என்ன செய்வேன்?

பதில்: தங்கச்சி, அந்த அம்மா முன்னால் போடவே போடாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. சட்டத்தைச் சொல்லி அவரிடம் சண்டை போட முடியாது என்று எனக்குத் தெரியும். 'ஆஸ்பத்திரியிலேயே பார்த்தாச்சும்மா' என்று சொல்லி நழுவிவிடுங்கள். இந்தப் பொய்யில் எனக்குத் தப்பே தெரியவில்லை. நீங்கள் காட்டுகிற ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு, 'இவ கிளீன், ஆணுறை வேண்டாம்' என்று கஸ்டமரிடம் பேரம் பேச எத்தனை நேரமாகும்? கடந்த மூன்று மாதத்துக்குள் தொற்றியிருந்தால் அந்தக் கிட்டில் தெரியாமலும் போகலாம். அதனால் ஒற்றைக் கோடு வந்தாலும் உறையை விடாதீர்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் சென்னையில்தான் முதன்முதலாகத் தெரிய வந்தது, அதுவும் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். டெஸ்ட் என்றாலே நம்மைப் பிடித்து அடைக்கத்தான் என்று வயதான அக்காக்கள் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அதை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் ஆலோசகராக இருந்த வருடங்களில், இந்தக் கிட் பற்றி ஒரே பெண்ணிடம் இரண்டு பேச்சும் கேட்டிருக்கிறேன். வரிசை இல்லை, ஊசி இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்று முதலில் சந்தோஷப்படுவார். கொஞ்ச நேரத்தில், 'ராத்திரி ஒண்டியா அதைப் பார்த்துட்டு என்னக்கா பண்ணுவேன்?' என்பார். ஒரு பெண் கிட்டின் குழாயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, இருபது நிமிடமும் முருங்கைக்கீரை ஆய்ந்தார். காம்பு, இலை, பழுத்தது எல்லாம் ஒரே முறத்தில் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எதுவும் பேசவில்லை. 'நீங்க இல்லைன்னா பாதியிலேயே தூக்கிப் போட்டிருப்பேன்' என்றார் பிறகு. அதனால் நீங்களும் தனியாகப் பார்க்க வேண்டாம். அந்தத் தோழியையே கூப்பிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலை நேரம் நல்லது. ஏதாவது கேட்க ஆஸ்பத்திரியும் திறந்திருக்கும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். நம்பலாம், செய்முறை சரியாக இருந்தால். எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. கிட் தேடுவது கிருமியை இல்லை, அதை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது ஈறோரத்து நீரில் இருக்கும். அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல், வாய் கொப்பளிக்காமல் இருந்து, மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை கிட்டில் இருக்கும் குச்சியை இழுத்துவிட்டுக் குழாயில் வையுங்கள். எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். அந்த நேரத்துக்கு முன்னாலும் வேண்டாம், ரொம்பத் தாண்டியும் வேண்டாம். 'சி' பக்கத்தில் கோடே வரவில்லை என்றால் அந்தக் கிட் வீண். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதில் பார்க்கக் கூடாது, தப்பாகக் காட்டும். மேகப்புண், வெட்டை போன்ற பால்வினை நோய்களும் இதில் தெரியாது. அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இரண்டு கோடு வந்தால், இரண்டாவது மங்கலாக இருந்தாலும், அதுவே முடிவு இல்லை. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற அரசாங்க நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்து, வேறு வேறு கிட்டுகளில் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்வார்கள். கடலூரில் முகம் தெரியும் என்றால் பாண்டிச்சேரியில் பாருங்கள், எப்படியும் பஸ் ஏறுகிறீர்கள்தானே. செலவில்லை. ரகசியம் காப்பது அவர்களுடைய கடமை. உறுதியானால் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம், பெரும்பாலானவர்களுக்கு இப்போது தினம் ஒரு மாத்திரைதான். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க முடியும். அப்படி வளர்த்து, மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்தவர்கள் உண்டு.

எச்.ஐ.வி. பற்றிக் கேட்க அரசாங்கம் வைத்திருக்கும் 1097 எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழில் பேசலாம், காசில்லை. கிட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் வீடு தகரக் கூரையா? கத்திரி வெயிலில் டப்பாவுக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்குமோ. பாக்கெட்டின் மேல் காலாவதித் தேதியும், எவ்வளவு சூடு தாங்கும் என்பதும் அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தாலோ, வெயில் காலம் முழுக்க அங்கேயே இருந்திருந்தாலோ, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோழியிடம் புதிதாக ஒன்று கேளுங்கள்.