பழைய லாரியில் டீசல் டேங்க் ஒழுகுகிறது. வெல்டிங் வைத்தால் போதுமா, புது டேங்க் மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். சொந்த வண்டி, புது டேங்க் விலையைக் கேட்டதும் மலைத்துப்போய்த்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே கதைதான்.

என்னுடையது 2006 மாடல் டிரெய்லர், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டம். கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கும் என்று திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கறை. முதலில் சோப்பைத் தேய்த்தேன், அப்புறம் எம்சீல் வைத்தேன், ஒரு மாதம் தாங்கியது. ஓட்டை இருந்ததோ டேங்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பருக்குள் தண்ணீரும் மண்ணும் தேங்கித் தகட்டைத் தின்றுவிட்டது. டீசல் பட்டை வழியாக இறங்கி வேறு இடத்தில் சொட்ட, நான் சொட்டிய இடத்தையே பூசிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எர்ணாவூர் மேம்பாலம் இறங்கும்போது பின்னால் வந்த பைக் என் டீசலில் வழுக்கி விழுந்தது. கணவன், மனைவி. அந்தப் பெண்ணுக்கு முழங்கை தோல் வழண்டு ரத்தம். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, "அண்ணே, உங்க வண்டியில டீசல் ஒழுகுது, பாருங்க" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெல்டர் அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முறையாகக் கழுவி, ஆவி போக்கிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, மிச்சம் ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். தவிர, அரித்த தகட்டில் ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும்.

இந்தச் சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுக வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறோம், சில நாள் ராத்திரி முழுக்க. குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லை. யாரிடம் சொன்னாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். டிரைவரும் மனிதன்தானே? வண்டியைக் குனிந்து பார்க்கக்கூட அந்த வரிசையில் இடம் கிடையாது, நகரச் சொல்லி ஹாரன் அடிப்பார்கள்.

சரி, டேங்குக்கு வருகிறேன். கழற்றும் முன் டீசலை ஓட்டியே குறைத்துவிடுங்கள். 200 லிட்டர் என்றால் 160 கிலோவுக்கு மேல் எடை, இறக்கும்போது கை நசுங்கும். புது டேங்கில் பழைய பட்டை ரப்பரைப் போடவே போடாதீர்கள், எனக்கு வினையே அதுதான். பைப் முனைகளின் செப்பு வாஷர்களையும் டீசல் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள், பழைய டேங்கின் துருத்தூள் ஃபில்டரில் ஏறியிருக்கும். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் வண்டி இழுக்காது, அதையும் பாருங்கள். மாட்டியதும் டீசல் பைப்பில் காற்று அடைத்துக்கொள்ளும், உடனே செல்ஃப் அடித்து பேட்டரியைக் கெடுக்காமல் ஃபில்டர் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கை பம்பை அடியுங்கள்.

முதல் ராத்திரி டேங்குக்கு அடியில் ஒரு காய்ந்த அட்டையை விரித்துவைத்துவிட்டுப் போங்கள், பட்டை ஓரங்களுக்கு நேர் கீழே.