விளம்பரத்தில் 120 ஹெர்ட்ஸ், வீட்டுக்கு வந்ததோ 60 ஹெர்ட்ஸ்: வாங்கியவருக்கு என்ன வழி?

கேள்வி: இணைய விற்பனைத் தளம் ஒன்றின் வழியாக 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினேன். 4கே, 120 ஹெர்ட்ஸ் திரை (வினாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது), டால்பி விஷன் (ஒளியையும் நிறத்தையும் செறிவாகக் காட்டும் தொழில்நுட்பம்), எச்டிஎம்ஐ 2.1 (பிற கருவிகளை இணைக்கும் துளையின் தரப் பதிப்பு) என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து கேம் கன்சோலை இணைத்தபோதுதான் திரை 60 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்பதும், டால்பி விஷன் இல்லாமல் எச்டிஆர் 10 என்ற அடிப்படை வகை மட்டுமே இருப்பதும் தெரிந்தன. ஒரே வரிசையில் இரண்டு வகைகள் உண்டு, உங்களிடம் இருப்பது கீழ்வகை என்று தயாரிப்பாளரின் சேவை மையம் சொல்கிறது. திருப்பி அனுப்புவதற்கான 10 நாள் கெடு முடிந்துவிட்டது, விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறோம் என்கிறார் விற்பனையாளர். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம்; உங்கள் வழக்கு வலுவானதும்கூட. ஆனால் எந்த அம்சத்தை முன்னிறுத்தி வழக்காடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த வலு நிற்கும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற வாக்குறுதியை முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். எச்டிஎம்ஐ உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பின் நிலைப்பாட்டின்படி, 2.0 என்பது இப்போது தனிப் பதிப்பாக இல்லை, அது 2.1-க்குள் அடங்கிவிட்டது. வினாடிக்கு 48 கிகாபிட் வேகம், 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் போன்ற 2.1-இன் புதிய வசதிகள் எல்லாம் தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கக்கூடியவையே தவிர, கட்டாயமானவை அல்ல. எனவே 60 ஹெர்ட்ஸ் பெட்டியின் மீதும் 2.1 என்று அச்சிட இடமிருக்கிறது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்வதும் இந்த வாதத்தைத்தான். மாறாக, 120 ஹெர்ட்ஸ் திரை என்பதும் டால்பி விஷன் என்பதும் இருக்கிறதா இல்லையா என்று ஒரே சொல்லில் விடை காணக்கூடிய உறுதிமொழிகள். புகாரின் முதுகெலும்பாக இவ்விரண்டும் இருக்கட்டும். எச்டிஎம்ஐ பற்றிய குறை இவற்றுக்குத் துணையாக வந்தால் போதும்.

120 ஹெர்ட்ஸ் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. திரைப் பலகை வினாடிக்கு எத்தனை முறை உண்மையாகப் படத்தைப் புதுப்பிக்கிறது என்பது ஒன்று; காட்சியின் அசைவைச் சீராக்கும் மென்பொருளுக்கு நிறுவனங்கள் தாமாகச் சூட்டும் எண் வேறொன்று. 60 ஹெர்ட்ஸ் பலகைக்கே 120 என்று 'மோஷன் ரேட்' போடும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் பார்த்து வாங்கிய விற்பனைப் பக்கத்தில் 'திரை' அல்லது 'ரெஃப்ரெஷ் ரேட்' என்று எழுதியிருந்ததா, வேறு பெயரில் இருந்ததா என்பதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதுபோல் 'திரை' என்றே இருந்தால், பொருளின் தரத்தைப் பற்றிய தவறான கூற்று என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47) சொல்லும் முறையற்ற வணிக நடவடிக்கைக்குள் அது வந்துவிடும். விவரிப்பைச் சொல்லி விற்கப்பட்ட பொருள் அந்த விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 15-உம் கூறுகிறது.

அடுத்தது மாடல் எண். உயர்வகைத் தொலைக்காட்சிகளில் ஒரே வரிசைப் பெயரின் கீழ் வரும் இரு வகைகளை, எண்ணின் கடைசியில் நிற்கும் ஓரிரு எழுத்துகளே பிரித்துக் காட்டும். பெட்டியின் பின்புற ஒட்டுத்தாளில் உள்ள எண், பில்லில் உள்ள எண், விற்பனைப் பக்கத்தில் இருந்த எண் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பில்லில் மேல்வகையின் எண் இருந்தால், ஒன்றை விற்று வேறொன்றை அனுப்பினார்கள் என்ற எளிய வழக்கு அது. பில்லிலும் கீழ்வகையின் எண்ணே இருந்தால், பில்லில் உள்ளதைத்தானே கொடுத்தோம் என்பார்கள்; உங்களை வாங்கத் தூண்டியது பக்கத்தில் இருந்த விவரிப்புதான் என்பதே அதற்கு மறுமொழி.

விற்பனையாளர் சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்காது. 10 நாள் கெடு அவர்களின் சொந்த வணிகக் கொள்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 உங்களுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு ஆண்டுக் கால வரம்பை அதனால் குறைக்க இயலாது. விளம்பரப்படுத்திய அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள், 2020 நேரடியாகவே சொல்கின்றன. முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற வாசகம், பின்னாளில் தயாரிப்பில் செய்யும் மாற்றத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். நீங்கள் ஆர்டர் செய்த வேளையிலேயே உண்மையல்லாத ஒரு விவரத்தை அது மூடி மறைக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை: அந்த வாசகத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பில் எதிர்க்க வேண்டாம். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்தில்தான் தொடங்குகிறது. மாவட்ட ஆணையத்தில் அப்படி எழுதினால், அதிகார வரம்பு பற்றிய தேவையற்ற வாதத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுவீர்கள்.

சான்றுகளை இன்றே திரட்டுங்கள், ஏனெனில் விற்பனைப் பக்கத்தை ஒரு நொடியில் திருத்திவிடலாம். பக்கம் முழுவதையும் தேதியும் முகவரியும் தெரியும்படி சேமித்து, மின்னணுச் சான்றுகளுக்குப் பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் பிரிவு 63 கோரும் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். பின்புற ஒட்டுத்தாளில் தொடங்கி, கன்சோலின் அமைப்புத் திரையில் 4கே 120 ஹெர்ட்ஸ் கிடைக்கவில்லை என்பது தெரியும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். கன்சோலுடன் வந்த கேபிளையே பயன்படுத்துவதும், பெட்டியின் கையேடு குறிப்பிடும் துளைகள் ஒவ்வொன்றிலும் செருகிக் காட்டுவதும் முக்கியம். இல்லாவிட்டால் பழி கேபிளின்மேல் விழும். எல்லாவற்றையும்விட வலுவான சான்று, உங்கள் மாடல் எண்ணுக்குத் தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கும் தொழில்நுட்ப விவரத்தாள். அது கையில் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய தேவையே எழாது என்று வாதிடலாம். சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆகிறது என்றாலும், சோதனையைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் காலம் உங்களுக்கு நன்மையே.

முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு காண வேண்டும். அதில் பயன் இல்லையெனில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. விற்பனையாளர், தளம் ஆகிய இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். நாங்கள் வெறும் இடைத்தரகர் என்று தளம் சொல்லுமானால், பொருள் விவரங்கள் துல்லியமானவை என்று விற்பனையாளரிடம் பெற்றிருக்க வேண்டிய உறுதிமொழியைத் தாக்கல் செய்யும்படி கேளுங்கள். மேல்வகையின் பெட்டி, அல்லது வட்டியுடன் முழுத் தொகை, அத்துடன் இழப்பீடும் வழக்குச் செலவும் என்று கோரிக்கையை அமைக்கலாம். பக்கத்தில் இருந்த விவரங்களைக் கொடுத்தது தயாரிப்பாளர்தான் என்று விற்பனையாளர் பழியைத் தள்ளினால், அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே பரிசுக் கூப்பனோ சிறு தள்ளுபடியோ தருவதாக அழைப்பு வரக்கூடும். பேசுவதில் தவறில்லை, ஆனால் 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள், அத்தகைய மின்னஞ்சலுக்குச் 'சரி' என்று பதிலும் அனுப்பாதீர்கள்.